கூட்டம் கூடினால் உதவி குறையுமா? ஓர் உளவியல் ஆய்வை அடி முதல் நுனி வரை பின்தொடரும் வழிகாட்டி

சாலையில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் ஓடிப் போய் உதவுவீர்களா என்று யாரைக் கேட்டாலும் "கட்டாயம் உதவுவேன்" என்றுதான் பதில் வரும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. தன்னைப் பற்றி அவர் மனதார நம்புவது அதுதான். ஆனால் விழுந்தவரைச் சுற்றி இருபது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வதற்கும் அந்த நேரத்தில் செய்வதற்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி இருப்பதால்தான் உளவியலுக்கு ஆய்வு முறை என்று ஒன்று தேவைப்படுகிறது. வெறுமனே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்றால் கேள்வித்தாளோடு வேலை முடிந்துவிடும்.

பாடப்புத்தகங்கள் பரிசோதனை, உற்றுநோக்கல், நேர்காணல், தனியாள் ஆய்வு என்று முறைகளை வரிசையாக அடுக்கிவிடும். எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்பது தேர்வு எழுதி முடித்த பிறகும் பலருக்கு விளங்குவதில்லை. ஆகவே இங்கே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1960-களில் எழுந்து, இன்று வரை ஆராயப்பட்டுவரும் கேள்வி அது. ஆய்வின் ஒவ்வொரு படியிலும் எடுக்கும் முடிவு, கடைசியில் கிடைக்கும் விடையை எப்படி வளைக்கிறது என்பதை அதில் நன்றாகப் பார்க்கலாம்.

படி 1: கேள்வியைப் பிடித்து, அதைச் சிறிதாக்குங்கள்

1964 மார்ச் 13 அதிகாலையில் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் தன் குடியிருப்புக்கு அருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், 38 பேர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தும் யாரும் போலீசை அழைக்கவில்லை என்று எழுதியது. நகர வாழ்க்கை மனிதரைக் கல்லாக்கிவிட்டது என்று தலையங்கங்கள் புலம்பின.

ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு இளம் உளவியலாளர்கள் அந்தப் புலம்பலைக் கேள்வியாக மாற்றினார்கள். "மக்கள் ஏன் இப்படி ஆகிவிட்டார்கள்?" என்பதை ஆராய முடியாது, எங்கே தொடங்குவது, எதை எண்ணுவது என்று அதில் எந்தப் பிடியும் இல்லை. அவர்கள் கேட்டது வேறு: 38 பேர் இருந்தும் உதவி வரவில்லையா, அல்லது 38 பேர் இருந்ததால்தான் வரவில்லையா? இப்போது கேள்வியில் ஓர் எண்ணிக்கை வந்துவிட்டது. உடன் இருப்பவர்களின் எண்ணிக்கையை ஆய்வாளரால் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்த நாளிதழ்ச் செய்தி பெருமளவு தவறு. 2007-ல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை, 38 பேர் நின்று பார்த்ததற்கு ஆதாரமில்லை என்று காட்டியது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிவந்து, கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஆனாலும் அந்தச் செய்தியிலிருந்து பிறந்த கேள்வி வீணாகிவிடவில்லை. கேள்வி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், வதந்தியிலிருந்துகூட. விடைக்குத்தான் ஆதாரம் வேண்டும்.

படி 2: கருதுகோளை எழுதுங்கள், தோற்கும் வழியையும் சேர்த்தே எழுதுங்கள்

ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படித்து முடித்த பிறகு எழுத வேண்டியது கருதுகோள், அதாவது சோதித்துப் பார்க்கப்போகும் ஊகம். டார்லியும் லட்டானேயும் முன்வைத்தது இது: ஆபத்தைப் பலர் அறிந்திருக்கிறார்கள் என்று ஒருவர் நினைத்தால், பொறுப்பு பலரிடம் சிதறிவிடும்; ஆகவே அவர் உதவும் வாய்ப்பு குறையும், உதவினாலும் தாமதமாக உதவுவார். இதற்குப் பொறுப்புச் சிதறல் என்று பெயர்.

நல்ல கருதுகோளுக்கு ஓர் அடையாளம் உண்டு. எந்த முடிவு வந்தால் நான் தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். இங்கே, கூட்டம் பெரிதானாலும் உதவியின் வேகம் மாறாவிட்டால் கருதுகோள் விழுந்துவிடும். "மனிதர் சூழலுக்கேற்ப நடந்துகொள்கிறார்கள்" போன்ற வாக்கியம் எந்த முடிவு வந்தாலும் விழாது. கல்லூரி ஆய்வேடுகளில் பாதிக் கோளாறு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

படி 3: மனத்தில் இருப்பதை எண்ணக்கூடிய ஒன்றாக மாற்றுங்கள்

"உதவும் மனப்பான்மை"யைத் தராசில் வைக்க முடியாது. ஆகவே அதற்குப் பதிலாக எதை அளக்கப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். இவர்களது பரிசோதனையில், தனி அறையில் இருக்கும் ஒருவருக்கு, வேறொருவர் வலிப்பு வந்து திணறும் குரல் கேட்கும் (விவரம் படி 5-ல்). இவர்கள் அளந்தது, வலிப்பு தொடங்கியதிலிருந்து, கேட்பவர் அறையை விட்டு வெளியே வரும் வரை ஆகும் விநாடிகள். ஆறு நிமிடத்தில் வராவிட்டால் வரவில்லை என்று கணக்கு.

இதில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. வேறொருவர் அளந்தாலும், மறுநாள் அளந்தாலும் இதே அளவுதான் வருமா? அது நம்பகத்தன்மை. கடிகாரம் இதில் தேறிவிடும். அளப்பது உண்மையிலேயே நாம் கேட்ட விஷயத்தைத்தானா? அது ஏற்புடைமை. இதில் கடிகாரம் மட்டும் போதாது. அறையை விட்டு வராத ஒருவர் அக்கறை இல்லாதவர் என்று விநாடிக் கணக்கு சொல்லிவிடாது. இதற்குப் பின்னால் திரும்ப வருவோம்.

மாற்றுவது ஆய்வாளர் கையில் இருக்கும். அதைச் சாரா மாறி என்கிறோம், இங்கே குழுவின் அளவு. அதனால் மாறுவது சார்ந்த மாறி, இங்கே நேரம்.

படி 4: முறையைத் தேர்ந்தெடுங்கள்

கேள்விதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும். நடைமுறையில் பலர் கையில் இருக்கும் கேள்வித்தாளுக்கு ஏற்பக் கேள்வியைத் தேடுகிறார்கள்.

ஒன்றால் மற்றொன்று விளைகிறதா என்று அறிய வேண்டுமானால் பரிசோதனை தேவை. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் அறியப் போதுமானது ஒட்டுறவு ஆய்வு. ஆனால் எது எதற்குக் காரணம் என்பதை அது சொல்லாது. மனப்பான்மையை அறியக் கணக்கெடுப்பும் நேர்காணலும் உதவும். இயல்பான நடத்தையை அறிய உற்றுநோக்கல். செயற்கையாக உருவாக்கவே கூடாத, அரிதான நிலையை அறியத் தனியாள் ஆய்வு.

கடைசியாகச் சொன்னதைச் சிலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்பு நோயைத் தணிக்க மூளையின் இரு பக்கமும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதி உள்ளிட்ட சில பாகங்கள் அகற்றப்பட்டன. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தைக் கோடு தாண்டாமல் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. ஆனால் முன்பு அதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. நிகழ்ச்சிகளின் நினைவும் கைத்திறனின் நினைவும் வேறு வேறு என்பதை ஒரே மனிதர் உலகுக்குக் காட்டிவிட்டார். இந்தக் கேள்விக்கு ஆயிரம் பேரின் கேள்வித்தாள் உதவியிருக்காது.

நம் கேள்வி "கூட்டத்தால் உதவி குறைகிறதா?" என்பது. "ஆல்" என்ற உருபு வந்துவிட்டதால், பரிசோதனை.

படி 5: பரிசோதனையைக் கட்டுங்கள்

டார்லி, லட்டானே 1968-ல் வெளியிட்ட பரிசோதனையின் அழகு அதன் சின்னச் சின்ன ஏற்பாடுகளில்தான் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வருகிறார். கல்லூரி வாழ்க்கையின் சொந்தச் சிக்கல்களைப் பற்றிப் பேசப்போகிறோம், கூச்சம் வரக்கூடாது என்பதால் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் இருந்து மைக் வழியாகப் பேசலாம், ஆய்வாளர் ஒட்டுக்கேட்க மாட்டார் என்று அவரிடம் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சுமார் இரண்டு நிமிடம். ஒருவர் பேசும்போது மற்றவர்களின் மைக் வேலை செய்யாது.

முதலில் பேசும் இளைஞர் நியூயார்க் தனக்கு ஒத்துவரவில்லை என்கிறார். பிறகு தயக்கத்தோடு, படிப்புச் சுமையின்போதும் தேர்வுக் காலத்திலும் தனக்கு வலிப்பு வரும் என்கிறார். அடுத்த சுற்றில் அவர் பேச்சு தடுமாறுகிறது, உரத்துப் போகிறது, உதவி கேட்கிறது, திணறி நின்றுவிடுகிறது. அந்தக் குரலும் மற்ற எல்லாக் குரல்களும் ஒலிநாடாவில் முன்பே பதிவானவை. உண்மையில் அங்கே இருக்கும் ஒரே ஆள் அந்த மாணவர் மட்டும்.

ஏன் ஒலிநாடா? எல்லோரும் ஒரே குரலை, ஒரே வேகத்தில், ஒரே திணறலோடு கேட்க வேண்டும். நடிகரை வைத்தால் மூன்றாம் நாள் அவர் சோர்ந்துபோவார். வித்தியாசம் கூட்டத்தால் வந்ததா, நடிப்பால் வந்ததா என்று தெரியாது.

ஏன் தனி அறை? ஒருவரை ஒருவர் பார்த்தால் இன்னொரு காரணம் நுழைந்துவிடும். அடுத்தவர் அமைதியாக இருக்கிறார், ஆகவே இது ஆபத்தில்லை என்று நினைத்துவிடலாம். அதே ஆண்டு இவர்கள் வெளியிட்ட புகை பரிசோதனை அதைத்தான் தனியாக ஆராய்ந்தது. அறைக்குள் புகை நுழைந்தபோது, தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்காரும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் சொன்னது 10 சதவீதம்தான். இரண்டு காரணங்களையும் ஒரே பரிசோதனையில் கலக்காமல் பிரித்தது பெரிய கெட்டிக்காரத்தனம்.

யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதைச் சமவாய்ப்பு முறையில் ஒதுக்க வேண்டும். துணிச்சல்காரரும் கூச்சக்காரரும் எல்லாக் குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகப் பரவ இதைவிட எளிய வழி கிடையாது. முதலில் வந்தவர்களை ஒரு குழு, தாமதமாக வந்தவர்களை இன்னொரு குழு என்று பிரித்தால் ஆய்வு அங்கேயே செத்துவிட்டது.

படி 6: நெறிமுறைக் குழுவிடம் போங்கள்

ஒருவரை ஏமாற்றி, பக்கத்து அறையில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று நம்பவைக்கலாமா? இதைப் பார்த்து அனுமதி தருவதோ மறுப்பதோதான் நெறிமுறைக் குழுவின் வேலை. 1960-களில் இதற்குத் தடை அதிகமில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-ல் வெளியிட்ட கீழ்ப்படிதல் ஆய்வில், ஆய்வாளர் சொன்னபடி இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிய 40 ஆண்களில் 26 பேர் 450 வோல்ட் என்று குறிக்கப்பட்ட கடைசி விசை வரை போனார்கள். அதிர்ச்சி பொய், பங்கேற்றவர்களின் நடுக்கம் உண்மை. இத்தகைய ஆய்வுகள் எழுப்பிய விவாதங்களும் இன்றைய விதிகள் இறுகக் காரணம்.

இந்தியாவில் உடல்நலம் சார்ந்த ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளைப் படித்துவிடுங்கள். சமூக, நடத்தை ஆய்வுகளுக்கும் அதில் இடம் உண்டு. அடிப்படை எங்கும் ஒன்றுதான்: விவரம் அறிந்த ஒப்புதல், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, அடையாளம் மறைத்தல், ஏமாற்றியிருந்தால் முடிந்தவுடன் உண்மையைச் சொல்லி மனம் ஆறச் செய்தல். ஒப்புதல் படிவம் பங்கேற்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்கட்டும். சட்ட மொழியில் நாலு பக்கம் எழுதி வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

படி 7: நடத்துங்கள், எண்ணுங்கள், எண்ணிக்கைக்கு வெளியேயும் பாருங்கள்

முக்கிய ஒப்பீட்டில் 52 பேர். தானும் நோயாளியும் மட்டுமே இருப்பதாக நம்பியவர்கள் 13 பேர். இன்னொருவரும் கேட்கிறார் என்று நம்பியவர்கள் 26 பேர். மேலும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்கள் 13 பேர். வலிப்புச் சத்தம் முடிவதற்குள் உதவி தேடி எழுந்தவர்கள் முறையே 85, 62, 31 சதவீதம். சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் 52, 93, 166 விநாடிகள்.

இது தற்செயலாக வந்திருக்கலாமே? அதைத்தான் புள்ளியியல் சோதிக்கிறது. கையாலேயே செய்து பார்க்கலாம். முதல் குழுவில் 13-ல் 11 பேர், கடைசிக் குழுவில் 13-ல் 4 பேர். ஆக 26 பேரில் 15 பேர் உதவினார்கள். 26 சீட்டுகளில் 15-ல் "உதவினார்" என்று எழுதிக் குலுக்கி, இரண்டு பதின்மூன்றாகப் பிரியுங்கள். முதல் குவியலில் 11 அல்லது அதற்கு மேல் விழுமா? கணக்கிட்டால் நூறு முறைக்கு ஒரு முறைக்கும் குறைவு. குழுவின் அளவுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு சாய்வு வருவது அவ்வளவு அரிது. பி-மதிப்பு என்று கட்டுரைகளில் வருவது இந்த அரிதுதான். கருதுகோள் சரியாக இருப்பதற்கான வாய்ப்பு என்று அதைப் படிப்பவர்கள் ஏராளம், அது தவறு.

இப்போது படி 3-ல் விட்டுவந்த விஷயம். எழுந்து வராதவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? ஆய்வாளர் அறைக்குள் நுழைந்தபோது பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. வலிப்பு வந்தவர் நலமாக இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டார்கள். உதவலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆளுமையை அளக்கக் கொடுத்த வினாத்தாள்களும் யார் உதவுவார் என்பதைக் கணிக்க உதவவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்திருந்தால், அக்கறையின்மை என்ற தலையங்கத்தின் முடிவுக்கே இவர்களும் வந்திருப்பார்கள்.

இன்னொன்று. 31 சதவீதம் என்பது ஒரு தனி ஆள் உதவும் வாய்ப்பு. வலிப்பு வந்தவரின் இடத்திலிருந்து கணக்குப் போடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்து பேரும் கைவிடும் வாய்ப்பு 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது. சுமார் 16 சதவீதம். யாரேனும் ஒருவர் வரும் வாய்ப்பு 84 சதவீதம். ஒரே ஒருவர் கேட்டபோது 85 சதவீதம்! இரண்டு பேர் கேட்கும்போது அதே கணக்கில் 86. ஆக, கூட்டத்தில் ஒவ்வொருவரும் பின்வாங்குகிறார்கள் என்பதும், கூட்டத்தால் விழுந்தவருக்கு நஷ்டமில்லை என்பதும் ஒரே தரவிலிருந்து கிடைக்கின்றன. எதை அலகாக எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் வித்தியாசம். இதைச் சொல்லாமல் "கூட்டத்தில் யாரும் உதவ மாட்டார்கள்" என்று மேடைகளில் முழங்குவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

படி 8: யாரைப் பற்றிய முடிவு இது?

பங்கேற்றவர்கள் ஒரே நகரத்தின், ஒரே பல்கலைக்கழகத்தின், அறிமுக உளவியல் வகுப்பு மாணவர்கள். பெரும்பாலும் பெண்கள். இதை வைத்து "மனிதர்கள்" என்று எழுதலாமா? இந்தத் துறையின் நெடுநாள் நோய் இது. 2010-ல் ஜோசப் ஹென்ரிக்கும் வேறு இரு ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, முன்னணி இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே வாழும் மேற்கத்தியத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை எடுத்துக்காட்டியது. உங்கள் வகுப்புத் தோழர்கள் முப்பது பேரிடம் படிவம் கொடுத்து "தமிழக இளைஞர்களின் மனநிலை" என்று தலைப்பு வைப்பதும் அதே தவறுதான், அளவு மட்டும் சிறிது.

படி 9: வேறு இடத்தில், வேறு முறையில் திரும்பச் செய்யுங்கள்

ஒரே ஆய்வு எதையும் நிறுவிவிடாது. 2015-ல் பல ஆய்வாளர்கள் சேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்ப நடத்திப் பார்த்தார்கள். மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல் சோதனையில் தேறியவை. மறுமுறை தேறியது 36 சதவீதம். கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவு திரட்டுவதற்கு முன்பே பதிவு செய்துவிடும் வழக்கம் பரவ இந்த அதிர்ச்சியும் ஒரு காரணம்.

நம் கேள்விக்கு வருவோம். 1969-ல் பிலியாவின் தம்பதியரும் ஜூடித் ரோடினும் ஆய்வுக்கூடத்தை விட்டு நியூயார்க் சுரங்க ரயிலுக்குப் போனார்கள். இடையில் நிற்காமல் ஏழரை நிமிடம் ஓடும் தடத்தில் ஒருவர் தள்ளாடி விழுவார். கைத்தடி வைத்திருந்தபோது 65 முறையில் 62 முறை பயணிகள் தாமாகவே உதவினார்கள். குடித்திருப்பவர் போலத் தோன்றியபோது 38-ல் 19 முறை. பெட்டியில் கூட்டம் அதிகமாக இருந்தபோதும் உதவி தாமதமாகவில்லை. விழுந்தவர் எல்லோர் கண்ணெதிரே கிடந்தார். இறங்கிப் போகவும் வழியில்லை.

2011-ல் பீட்டர் ஃபிஷரும் உடனிருந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 7,700-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள். தனி ஆளின் தயக்கம் உண்மைதான். ஆனால் நிலைமை அபாயகரமானதாக இருந்தால் அந்தத் தயக்கம் குறைகிறது என்பது முடிவு. 2020-ல் ரிச்சர்ட் ஃபில்போட் குழு எந்த நாடகமும் ஆடாமல், ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் கூடக் கூட, யாரேனும் ஒருவர் தலையிடும் வாய்ப்பும் கூடியது. மேலே போட்ட 84 சதவீதக் கணக்கை வைத்துப் பார்த்தால் இதற்கும் 1968-க்கும் முரண்பாடு ஒன்றும் பெரிதாக இல்லை.

படி 10: நீங்கள் செய்வதானால்

மாணவர்கள் வலிப்பு நாடகம் போட வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. தீங்கில்லாத மாதிரி ஒன்று இருக்கிறது. 1975-ல் லட்டானேயும் ஜேம்ஸ் டாப்ஸும் வெளியிட்ட ஆய்வில், கொலம்பஸ், சியாட்டில், அட்லாண்டா நகரங்களின் லிஃப்டுகளில் 145 பேர் தற்செயல்போல நாணயத்தையோ பென்சிலையோ கீழே போட்டார்கள். மொத்தம் 1,497 முறை, 4,813 பேர் முன்னிலையில். யார் குனிந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று எண்ணியதுதான் ஆய்வு.

உங்கள் கல்லூரி நூலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலக லிஃப்டிலோ, உரிய அனுமதியோடு, இதைச் செய்யலாம். பேனாவைப் போடுபவரும் குறிப்பெடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். குறிப்பெடுப்பவருக்குக் கருதுகோள் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை விநாடிக்குள் எடுத்தால் உதவி என்று கணக்கு, "பேனா விழுந்துவிட்டது" என்று வாயால் சொல்வதும் உதவியா, குழந்தைகள் இருந்தால் எண்ணுவதா விடுவதா, மொத்தம் எத்தனை முறை போட்டதும் நிறுத்துவது, தனி ஆளை அலகாக எடுப்பதா முழு லிஃப்டையா: இவை அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, வழிகாட்டும் ஆசிரியரிடம் கொடுத்துவிட்ட பிறகே முதல் பேனாவைக் கீழே போடுங்கள்.